போபால் பத்தி இன்னும் பேசணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

டிசம்பர் வந்தா மட்டும் போபால் விஷவாயுக் கசிவு பத்தி ரெண்டு வரி போட்டுட்டு அப்புறம் எல்லாருமே மறந்துடுறோம், அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. 1984 டிசம்பர் 2 ராத்திரி அங்க இருந்த யூனியன் கார்பைடு கம்பெனியோட பூச்சிமருந்து ஃபேக்டரில டேங்க்குக்குள்ள தண்ணி போய் சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட்ங்கிற விஷ வாயு வெளிய வந்துச்சு, தூங்கிட்டிருந்த ஜனங்க கண்ணு எரிஞ்சு மூச்சு முட்டி எந்தப் பக்கம் ஓடுறதுன்னே தெரியாம ஓடினாங்க. ஆயிரக்கணக்குல செத்தாங்க, 5 லட்சத்துக்கும் மேல பாதிக்கப்பட்டாங்க. இதை விபத்துன்னு சொல்றதையே என்னால ஏத்துக்க முடியல. டேங்க்கை குளிர வைக்கிற மெஷினை முன்னாடியே நிறுத்தி வச்சிருந்தாங்க, வாயுவை எரிக்கிற ஃப்ளேர் டவரும் வேலை செய்யல.

அதோட முடியலைங்க, இதான் நிறைய பேருக்குத் தெரியாது. ஃபேக்டரி கழிவு மண்ணுல இறங்கி சுத்தி இருக்கிற நிலத்தடி தண்ணியும் கெட்டுப்போச்சு, வாயு படாதவங்க கூட அந்தத் தண்ணியக் குடிச்சாங்க. அங்க கெடந்த 337 டன் நச்சுக் கழிவை அதே மாநிலத்துல இருக்கிற பீதம்பூருக்கு எடுத்துட்டுப் போனதே 2025 ஜனவரிலதான், 40 வருஷம் ஆச்சு பாருங்க! மண்ணுக்குள்ள போனது இன்னும் அங்கயேதான் இருக்கு.

உங்க பேப்பர்ல இந்தத் தண்ணி பிரச்சினையப் பத்தி ஒரு முழுப் பக்கம் போடுங்க சார். ஃபேக்டரி பக்கத்துல குடியிருக்கிறவங்க, உள்ள என்ன கெமிக்கல் வச்சிருக்காங்க, கசிஞ்சா என்ன செய்யணும்னு கேக்குறதுக்கு அது உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்