ஃபைல் உன் கையில் இருக்கட்டும்

அன்பு மகள் கயலுக்கு,

இங்கு அப்பாயியும் நானும் நலம். சம்பா அறுப்பு முடிந்து நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டோம் என்கிறார்கள். பனியோ விடிந்து நெடுநேரமாகியும் விலகுவதில்லை. தார்ப்பாயைப் போர்த்துவதும் விலக்குவதுமாகப் பொழுது போகிறது. நெல்லை அப்படியே போட்டுவிட்டு ஆள் நகர முடியாது என்பதால் இந்த வாரமும் நான் சென்னைக்கு வரவில்லை. போனில் பேசலாம்தான். ஆனால் போனை எடுப்பது உன் அம்மா, நான் உன்னிடம் கேட்பதற்குப் பதில் சொல்வதும் உன் அம்மா. அதனால்தான் கடிதம். அவள் படித்தாலும் பாதகமில்லை. முதலில் நீ படி.

விஷயம் இதுதான். உன் புற்றுநோய்ச் சிகிச்சை ஃபைல் இனி உன் கையில் இருக்க வேண்டும்.

கூட்டுறவுச் சங்கத்தில் நான் செயலராக இருந்தபோது எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கணக்கு மருமகள் பேரில் இருக்கும், பாஸ்புக் மாமனார் பெட்டியில் இருக்கும். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று கேட்டால் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கையெழுத்து மட்டும் அவளுடையது. உன் விஷயத்திலும் அதேதான் நடந்துகொண்டிருக்கிறது.

கும்பகோணத்தில் முதலில் கழுத்துக் கட்டியைக் காட்டிய இடத்தை நினைத்துப் பார். பயாப்சி முடிவு வந்த அன்று டாக்டர் உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மாமாவைக் கூப்பிட்டுப் பேசினார். கட்டி உன் கழுத்தில், செய்தி மாமாவுக்கு! அன்று மாலையே பெரியப்பா வீட்டில் கூடி, 'பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம், டிபி கட்டி என்று சொல்லிவிடலாம்' என்று பேசினார்கள். நான் முடியாது என்றேன். அந்தக் கோபம் பெரியப்பாவுக்கு இன்னும் தீரவில்லை. தீரும்போது தீரட்டும். பதினெட்டு வயது ஆனவருக்கு அவருடைய சம்மதத்தைக் கேட்டுத்தான் சிகிச்சை தர வேண்டும். உனக்கு இருபது. ஒவ்வொரு ஒப்புதல் படிவத்திலும் இருப்பது உன் கையெழுத்து.

அம்மாவைக் குறை சொல்வதாக நினைக்காதே. வரிசையில் நிற்பதும், ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்குவதும், உன் வாய்ப்புண்ணுக்குத் தோதாகச் சோற்றைக் குழைய வடிப்பதும் அவள்தான். அதையெல்லாம் அவளே செய்யட்டும். ஃபைலை மட்டும் நீ வாங்கிக்கொள்.

அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது இப்போதைக்கு மட்டும் இல்லை. உனக்கு ஏறும் நான்கு மருந்துகளில் ஒன்று ப்ளியோமைசின். அது நுரையீரலைத் தொடக்கூடியது. இன்னொன்றான அட்ரியாமைசின், அந்தச் சிவப்பு மருந்து, எவ்வளவு ஏறியது என்ற கணக்கு உன் இதயத்துக்காக ஆயுள் முழுக்க வேண்டும். நாற்பது வயதில் வேறு ஏதோ ஓர் ஆப்பரேஷனுக்கு நீ படுத்தால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் ப்ளியோமைசின் ஏறியிருக்கிறது என்று நீதான் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் கொடுக்கும் அளவை அதைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார். அன்றைக்கு நானோ அம்மாவோ உன் கூட இருப்போமா?

அடுத்த வாரம் பெட் ஸ்கேன் முடிவு சொல்லும் நாள். உடம்பில் நோய் எங்கே மிச்சம் இருக்கிறது என்று காட்டும் ஸ்கேன் அது. இரண்டு சுற்று மருந்து முடிந்ததும் எடுக்கிற இந்த ஸ்கேனை வைத்துத்தான் பல இடங்களிலும் மேற்கொண்டு வழியைத் தீர்மானிக்கிறார்கள். நோய் நன்றாக அடங்கியிருந்தால் ப்ளியோமைசினை விட்டுவிட்டு மற்ற மூன்றைத் தொடர்வது உண்டு. அடங்கவில்லை என்றால் மருந்தை இன்னும் கடுமையாக்குவது உண்டு. உனக்கு வந்திருக்கும் ஹாட்ஜ்கின் லிம்போமா, அதாவது நிணநீர் முடிச்சில் வரும் இந்தப் புற்றுநோய், பெரும்பாலானோருக்குக் குணமாகிற நோய், இளம் வயதில் அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். அந்தத் தைரியத்தோடு நீ உள்ளே போ. கொஞ்ச நேரமாவது தனியாகப் போ. 'நான் முதலில் டாக்டரிடம் பேசிவிட்டு வருகிறேன், அப்புறம் அம்மாவைக் கூப்பிடுங்கள்' என்று நர்ஸிடம் சொல். இது மரியாதைக் குறைவு இல்லை.

தனியாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் அப்பா மகளுக்கு எழுதக் கூச்சப்படுகிற விஷயம், ஆனாலும் எழுதுகிறேன். இப்போது ஏறும் மருந்துச் சேர்க்கை சினைப்பையைப் பெரிதாகப் பாதிப்பதில்லை என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். கடுமையான மருந்துக்கு மாற்ற நேர்ந்தால் நிலைமை வேறு. மாற்றுவதற்கு முன்பே, கருமுட்டையை எடுத்து உறைய வைக்க அவகாசம் உண்டா என்று கேட்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். நோயின் வேகம் அதற்கு இடம் தருமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மருந்து ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை. அம்மா பக்கத்தில் இருந்தால் நீ கேட்க மாட்டாய், நீ கேட்டால் அவள் அழுதுவிடுவாள். பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்பதை இன்றைக்கு நீ முடிவு செய்ய வேண்டியதில்லை. வழியை மட்டும் அடைக்காமல் வை. செலவைப் பற்றி யோசிக்காதே, அது என் பாடு.

போன வாரம் அம்மா பேசும்போது, உனக்கு ஒரு பக்கம் பொம்மை வைத்துக்கொண்டிருக்கும் குழந்தை, மறு பக்கம் எழுபது வயதுப் பாட்டி, பேச ஆளில்லை என்று சொன்னாள். நம் நாட்டில் பெரும்பாலான இடங்களில் இதுதான் நிலை. குழந்தைகளுக்கு ஓர் ஏற்பாடு, பெரியவர்களுக்கு ஓர் ஏற்பாடு. நடுவில் இருக்கும் வயது எதிலும் சேர்வதில்லை. மான்செஸ்டரில் இருக்கும் உன் அத்தை மகனிடம் கேட்டேன். இங்கிலாந்தில் 1990இலேயே பதின்ம வயதினருக்கென்று லண்டன் மருத்துவமனை ஒன்றில் தனி வார்டு திறந்துவிட்டார்களாம். டீனேஜ் கேன்சர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் ஏற்பாடு. இப்போது பதின்மூன்று முதல் இருபத்து நான்கு வயது வரை உள்ளவர்களுக்குப் பல ஊர்களில் அப்படி வார்டுகள் இருக்கின்றன. அந்த வயதுக்காரர்களோடு பேசவும், அவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தவும் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். விளையாட்டு மேசை, டிவி எல்லாம் உண்டு என்று படம் அனுப்பினான். மேசை கிடக்கட்டும். அந்த ஆள்தான் வேண்டும்.

அந்த ஆளை இங்கே நீயே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954இல் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கிய இடம் அது. அந்தத் துறைக்குப் போய் ஒரு முறை உட்கார். 'மனசு டாக்டரிடம் போக நம் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?' என்று அம்மா கேட்டால், அப்பா போகச் சொன்னார் என்று சொல். இதே நோய்க்குச் சிகிச்சை முடித்து, வேலைக்கோ கல்லூரிக்கோ போய்க்கொண்டிருக்கும் உன் வயதுப் பெண் யாரையாவது தொடர்புபடுத்த முடியுமா என்றும் அங்கேயே கேள். முடி திரும்ப எப்படி முளைத்தது, ஆண் நண்பர்களிடம் எப்படிச் சொன்னாள், தேர்வு அறையில் களைப்பை எப்படிச் சமாளித்தாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். என்னிடம் சொல்ல முடியாததை அவளிடம் சொன்னால் எனக்கு வருத்தம் இல்லை. நிம்மதிதான். நடு இரவில் தூக்கம் வராமல் யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் டெலி மானஸ் எண் 14416. அரசு நடத்துவது, காசில்லை, தமிழில் பேசுவார்கள்.

சொந்தக்காரர்கள் விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் ஜாதகத்தைக் கொடுத்து வைத்திருந்த இடத்திலிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். 'வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள்' என்று நடு அத்தை ஆரம்பித்தாள். தெரிந்து கட்டுகிறவன் வந்தால் போதும் என்றேன். அதற்கு மேல் அவள் பேசவில்லை, காபியும் குடிக்கவில்லை.

அப்பாயி வைத்தீஸ்வரன் கோயில் பிரசாதமான சாந்துருண்டை வாங்கி வைத்திருக்கிறார். கொடுத்து அனுப்புவேன், சாமி படத்தண்டை வை. வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் டாக்டரைக் கேட்காமல் எதையும் வாயில் போடாதே. காய்ச்சல் 100.4 பாகை தொட்டால் நள்ளிரவானாலும் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மாத்திரை போட்டு விடியும் வரை பார்ப்போம் என்று அம்மா சொன்னாலும் கேட்காதே.

சின்ன விஷயங்கள் சில. மருத்துவமனையில் ரயில் சலுகைப் படிவம் வாங்கி, டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் போட்டு வை. சிகிச்சைக்குப் போய்வர உனக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை, கூட வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. கவுன்ட்டரில்தான் எடுக்க முடியும், போனில் எடுத்தால் கிடைக்காது. முதல்வர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. இதுவரை எவ்வளவு கழிந்திருக்கிறது என்று கேட்டு ஃபைலில் குறித்து வை. கல்லூரியில் பேசினேன். இந்த செமஸ்டரை விட்டுவிட்டு அடுத்த ஆண்டு தொடரலாம், மருத்துவச் சான்று வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டு தொடர்வதா, இப்போதே வீட்டிலிருந்து இரண்டு தாளை மட்டும் எழுதுவதா என்று நீ சொல். நீ சொல்லும் வரை நான் விண்ணப்பம் கொடுக்கப் போவதில்லை.

நெல்லை எடை போட்டதும் உழவன் எக்ஸ்பிரஸில் கிளம்பி வருகிறேன். டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வை. எனக்குக் காட்ட வேண்டும் என்று இல்லை.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஃபைலில் பயாப்சி ரிப்போர்ட்டின் அசல் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் அது இன்னும் மாமா வீட்டு பீரோவில்தான் இருக்கும். சொன்னால் நாளைக்கே போய் வாங்கி வந்துவிடுகிறேன்.