துஷ்டி வீட்டில் பேசும் வசனம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நினைவஞ்சலி விளம்பரங்களில் 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்ற வசனத்தை அடிக்கடி பார்க்கிறோம். நெல்லைப் பக்கம் துஷ்டி (துக்கம்) கேட்கப் போகிறவர்களும் அதையே சொல்கிறார்கள். பைபிளில், பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு தன் வாயால் சொன்னது அது. அடுத்தவர் அவருக்குச் சொன்னதல்ல. அதே யோபு 3ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அதை யாரும் அச்சடிப்பதில்லை.

நமக்குத் தெரியாததையும் சேர்த்துக் கடவுள் பார்க்கிறார் என்பது எங்கள் விசுவாசமும்தான். அதை யார், எப்போது சொல்வது என்பதே சிக்கல். 17 வயதில் அண்ணன்மாரால் விற்கப்பட்ட யோசேப்பு, 'தேவன் அதை நன்மையாக்கினார்' என்று சொல்ல ஏறத்தாழ 40 வருஷம் ஆயிற்று. 1931-ல் விழுந்து அடிபட்டு, 1951-ல் டோனாவூரில் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார், சுகமாக இருப்பவர்கள் எழுதும் ஆறுதல் நோயாளிக்கு ஒட்டவில்லை என்று கண்டு, தாமே நோயாளிகளுக்குக் கடிதங்கள் எழுதினார்.

அப்பாவை இழந்த பிள்ளையிடம், 'நல்லவங்கள ஆண்டவரு சீக்கிரம் கூப்பிட்டுக்கிடுவாரு' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நல்ல பிள்ளையாக இருந்தால் தன்னையும் கூப்பிட்டுவிடுவார் என்று அது பயந்துவிடும். 'அப்பா தூங்குதாங்க' என்றால் படுக்கவே பயப்படும். 'இறந்துட்டாங்க, இனி வரமாட்டாங்க' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். பெரியவர்களிடம் 'எல்லாம் நன்மைக்குத்தான்' என்றால், அழுவதே அவிசுவாசம் என்று எடுத்துக்கொண்டு அடுப்படியில் போய் ஒளிந்து அழுவார்கள். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்தும் இயேசு அழுதார்!

கால் மணி நேரம் இருந்தால் போதும். 'எப்படி ஆச்சு?' என்று கேட்க வேண்டாம். காலையிலிருந்து வந்தவர் எல்லாரிடமும் சொல்லி ஓய்ந்திருப்பார்கள். இறந்தவரின் பேரைச் சொல்லிப் பேசுங்கள். ஜெபிக்கச் சொன்னால் 13ஆம் சங்கீதம் நல்லது. ஆறே வசனம். 'எதுவரைக்கும்' என்று நாலு தடவை முறையிட்ட பிறகு, ஐந்தாம் வசனத்தில்தான் நம்பிக்கை வருகிறது. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று சொல்லும் ரோமர் 8:28-ஐ அவர்களே எடுத்தால் ஒழிய நீங்கள் எடுக்காதீர்கள்.

நாற்பதாம் நாள் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குத் திரும்பியதும் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். ஒரு தடவைதான் போக முடியும் என்றால் அப்போது போங்கள். 'ஏன் இப்படி?' என்று கேட்டால், 'தெரியலம்மா' என்பதே உண்மையான பதில்.

முதல் வாரத்தில் உதவ நினைப்பவர்கள் மரணப் பதிவுக்கு அலையலாம். 21 நாளுக்குள் பதிந்தால் தாமதக் கட்டணம் கிடையாது. வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் சான்றிதழ் கேட்பார்கள். சில நகல்கள் கூடுதலாக எடுத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
துஷ்டி வீடுகளைச் சந்திக்கும் சபை ஊழியர்கள்,
பாளையங்கோட்டை.