இன்னொரு பெண்ணுக்கும் இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்ப்படத் தயாரிப்பாளர்களுக்கும், இயக்குநர்களுக்கும், திரைப்படத் தொழிலாளர் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு படத்துக்கு உதவி இயக்குநர்கள் எடுத்தார்கள். நான் ஏற்கெனவே அந்தக் குழுவில் இருந்தேன். இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று இணை இயக்குநர் சொன்னதும், சாலிகிராமத்தில் என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் தோழியைப் பற்றிச் சொன்னேன். என்னைவிட மூத்தவர், என்னைவிட அதிகப் படங்களில் வேலை பார்த்தவர், கன்டினியூட்டியில், அதாவது ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் பார்த்துக்கொள்வதில், கெட்டி. இயக்குநர் கூப்பிட்டுப் பேசினார், அவருக்கும் பிடித்துப்போயிற்று. அப்புறம் விஷயம் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் போனது. "டீம்ல ஏற்கெனவே ஒரு லேடி இருக்காங்களே சார்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. மறுநாள் என்னைத் தனியாக அழைத்து, "உங்க ஃப்ரெண்டுதான் வேணும்னா நீங்க விலகிக்கோங்கம்மா, அவங்கள எடுத்துக்கறோம். யாராவது ஒருத்தர்தான்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. எல்லோருக்கும் தெரிந்த நடைமுறையை எனக்கு ஞாபகப்படுத்தும் தொனியில்தான் சொன்னார். அந்த இரண்டு இடங்களுக்கும் இரண்டு பையன்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு சேர்த்து குழுவில் ஆறு ஆண்கள். "ஏற்கெனவே ஆம்பளைங்க இருக்காங்களே" என்று யாரும் கேட்கவில்லை.

இந்த நடைமுறை உங்களுக்குத் தெரியாதது அல்ல. எந்தச் சங்கத்தின் விதிப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனாலும் கம்பெனிக்குக் கம்பெனி செல்லுபடியாகிறது. ஒரு குழுவுக்கு ஒரு பெண். சில குழுக்களில் அதுவும் இல்லை. இந்த எழுதாத விதியைக் கைவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எங்களுக்குச் சலுகை வேண்டாம். ஒரு பெண் உள்ளே இருப்பதைக் காரணம் காட்டி இன்னொரு பெண்ணுக்குக் கதவைச் சாத்தாதீர்கள், அவ்வளவுதான்.

காரணம் கேட்டால் முதலில் வருவது ரூம் கணக்கு. அவுட்டோர், அதாவது வெளியூர்ப் படப்பிடிப்பு, போனால் பெண்ணுக்குத் தனி ரூம் போட வேண்டும், செலவு என்கிறார்கள். சரி, கணக்கையே பார்ப்போம். ஒரு பெண் இருந்தால் ஓர் அறை. இரண்டு பெண்கள் இருந்தாலும் அதே ஓர் அறைதான், இருவரும் தங்கிக்கொள்வோம். இரண்டாவது ஆளாக ஒரு பையனை எடுத்தாலும் அவனுக்கும் எங்கேயோ படுக்க இடம் கொடுக்கத்தானே வேண்டும்? இரண்டாவது பெண் வந்ததால் பட்ஜெட்டில் எந்த இடத்தில் ஓட்டை விழுந்தது என்று யாராவது காட்டினால் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த காரணம் பாதுகாப்பு. "ஒரு பொண்ணைப் பார்த்துக்கறதே பெரும்பாடு" என்பார்கள். இதைப் பற்றித்தான் உங்களிடம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

போன கோடையில் வேறொரு படத்துக்காகத் தென்மாவட்டம் ஒன்றில் அவுட்டோர். மானாவாரி நிலம், கண்ணுக்கெட்டிய தூரம் வேலிக்கருவை. விடியும் முன்பே வண்டி ஏறினால் இருட்டிய பிறகுதான் பேக்கப். கேரவன் இரண்டு: ஹீரோவுக்கு ஒன்று, ஹீரோயினுக்கு ஒன்று. யூனிட் ஆண்கள் கருவைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார்கள். பெண்கள் என்று பார்த்தால் ஹீரோயின், அவருடைய உதவியாளர், ஹேர் டிரஸ்ஸர் அக்கா, நான். ஹீரோயின் வரும் நாட்களில் எனக்கு அக்கா துணை. இரண்டு பேரும் கொஞ்ச தூரம் நடப்போம். அக்கா துப்பட்டாவை விரித்துப் பிடித்து, முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். "யாராச்சும் வந்தா இருமுவேன், எந்திரிச்சிடு" என்பார். பிறகு அவருக்கு நான் நிற்பேன். ஹீரோயினுக்குக் காட்சி இல்லாத நாட்களில் கேரவனும் வராது, அக்காவும் வரமாட்டார். அந்த நாட்களில் காலையில் பல் விளக்கியதும் அரை டம்ளர் தண்ணீர்தான். பிறகு இரவு லாட்ஜுக்குத் திரும்பும்வரை ஒரு வாய் குடிக்க மாட்டேன். புரொடக்‌ஷன் தம்பி வெயிலில் மோர் கொண்டுவந்து நீட்டுவான், வேண்டாம் என்பேன். சாப்பாட்டில் ரசம்கூட ஊற்றிக்கொண்டதில்லை. பீரியட்ஸ் வந்த நாளில், பழைய சீன் பேப்பரில் சுற்றிய பேடை கன்டினியூட்டி ஃபைல் வைக்கும் பையின் அடியில் போட்டுக்கொண்டு, இரவுவரை மானிட்டர் பக்கத்தில் நின்றேன். ஷெட்யூல் முடிவதற்குள் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சல். கழிப்பறைக்காகப் பக்கத்து ஊர் பெட்ரோல் பங்க் வரை போய்வர வண்டி கேட்டதற்கு, "ஒரு ஆளுக்காக வண்டிய அனுப்ப முடியுமாம்மா?" என்று பதில் வந்தது.

ஒரு ஆளுக்காக. ஐயா, அந்தப் பதிலிலேயே எல்லாம் இருக்கிறது. ஒருத்தியாக இருப்பதால்தான் எங்கள் தேவை கணக்கில் வருவதில்லை. கணக்கில் வராததைக் காட்டியே, இன்னொருத்தி வந்தால் கஷ்டம் என்கிறீர்கள். நான்கு பேர் இருந்திருந்தால் வண்டி போயிருக்கும்.

இது என் ஒருத்தியின் கதை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். கேரளத்தில், மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழு 2019 டிசம்பர் 31 அன்று கொடுத்த அறிக்கையில் இதே விஷயம் இருக்கிறது: கழிப்பறை இல்லாததால் படப்பிடிப்பில் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று. அந்த அறிக்கை மக்கள் பார்வைக்கு வர 2024 ஆகஸ்ட் ஆயிற்று. அந்தக் குழு அமைந்ததற்கே காரணம், 2017இல் ஒரு நடிகைக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு அவர் பக்கத்தில் போய் நின்ற சக பெண்கள்தான். நடிகைகள், இயக்குநர்கள், எடிட்டர், எழுத்தாளர் என்று பலர் சேர்ந்து ஓர் அமைப்பை உண்டாக்கி முதலமைச்சரிடம் போனார்கள். அதனால் தங்களுக்கு வாய்ப்புகள் குறைந்தன என்று அவர்களில் சிலர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். தெரிந்துதான் நின்றார்கள். நம் ஊரில் ஒரு படக்குழுவில் ஒரே ஒரு பெண்ணை வைத்தால், அவளுக்கு ஒன்று என்றால் பக்கத்தில் போய் நிற்க யார் இருக்கிறார்கள்?

சட்டத்தையும் பாருங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மூத்த பொறுப்பில் உள்ள ஒரு பெண் அதற்குத் தலைவர். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். ஒவ்வொரு படத் தயாரிப்பிலும் இப்படி ஒரு குழு வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இலேயே சொல்லிவிட்டது. நூறு பேர் யூனிட்டில் மூத்த பொறுப்பில் ஒரு பெண்ணும் இல்லை, உதவியாளராக ஒரே ஒருத்தி என்றால் இந்தக் குழுவை யாரை வைத்து அமைப்பீர்கள்? 'ஒரு பெண் போதும்' என்ற பழக்கம் இந்தச் சட்டத்தையே நடைமுறையில் செல்லாததாக ஆக்குகிறது.

மூன்றாவதாக ஒரு காரணம் சொல்வார்கள், நேரில் இல்லை, டீக்கடையில். "ரெண்டு பொண்ணுங்க இருந்தா ஒத்துப்போகாது." இதைக் கேட்கும்போது வருகிற கோபத்தை அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒரே ஒரு இடத்தை வைத்துவிட்டு, "நீயா அவளா" என்று எங்களிடமே கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தயங்கினால் அது எங்கள் குணமா? மேனேஜர் அப்படிச் சொன்ன பிறகு சில நாள் எங்கள் வீட்டில் சரியாகப் பேச்சே இல்லை. நான் தன்னைப் பற்றி உள்ளே என்ன சொன்னேனோ என்று அவர் நினைத்திருக்கிறார். நான் விலக வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிறாரோ என்று நான் நினைத்திருக்கிறேன். கடைசியில் அவரேதான், "நீ போ. உன் இடத்தை நான் வாங்கி என்ன பண்ணப்போறேன்" என்றார். அந்தச் சில நாட்களை எங்களுக்குக் கொடுத்தது உங்கள் நடைமுறை.

எங்களுக்குள் இருக்கும் நட்பு பொழுதுபோக்கு இல்லை. அதை வைத்துத்தான் இந்தத் தொழிலில் நிற்கிறோம். எந்த கம்பெனியில் பேட்டா ஒழுங்காக வரும், எந்த ஆபீசுக்குக் கதை சொல்லத் தனியாகப் போகக் கூடாது, யார் கூப்பிட்டால் இரவு டிஸ்கஷனுக்கு வரமுடியாது என்று சொல்ல வேண்டும் என்பதெல்லாம் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொல்லித்தான் தெரியும். "அந்த அக்காவும் இருக்காங்கம்மா" என்று சொன்னால்தான் பல வீடுகளில் சென்னைக்கே அனுப்புகிறார்கள். என் திரைக்கதையின் முதல் பிரதியை இரவு முழுக்கப் படித்து, இடைவேளைக்குப் பிறகு வரும் பக்கங்களில் பாதியை அடித்துக் கொடுத்தவர் அந்தத் தோழிதான். அவர் படம் இயக்க வேண்டும், நானும் இயக்க வேண்டும். இரண்டு ஆசைகளும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் ஒன்றுக்கொன்று உதவியாகத்தான் இருக்கின்றன.

இதற்கு முன்னுதாரணம் வெளியூரில் தேட வேண்டியதில்லை. 1968இல் சாவித்திரி அம்மா தெலுங்கில் 'சின்னாரி பாப்பலு' இயக்கியபோது இசைக்குப் பி. லீலா, கலைக்கு மோகனா, நடனத்துக்கு ராஜசுலோசனா என்று பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டார். மறு ஆண்டு அதையே தமிழில் 'குழந்தை உள்ளம்' என்று எடுத்தார். 2002இல் ரேவதி அம்மா முதன்முதலாக இயக்கிய 'மித்ர், மை ஃப்ரெண்ட்' படத்தின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். எழுத்தில் வி. பிரியா, சுதா கொங்கரா. கேமரா ஃபவுசியா ஃபாத்திமா. எடிட்டிங் பீனா பால். இசை பவதாரிணி. சிறந்த ஆங்கிலப் படம், சிறந்த நடிகை, சிறந்த படத்தொகுப்பு என மூன்று தேசிய விருதுகள் அதற்குக் கிடைத்தன. அந்தப் படத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்களில் பிரியா பிறகு இயக்குநரானார். சுதா கொங்கரா 'சூரரைப் போற்று' இயக்கினார். அந்தப் படத்துக்குச் சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருது கிடைத்தபோது, அதை ஷாலினி உஷா நாயரும் அவரும் சேர்ந்துதான் வாங்கினார்கள். இரண்டு பெண்கள். ஒரே கதை. ஒத்துப்போகாதவர்களா இவர்கள்? பவதாரிணி 2024 ஜனவரியில் காலமானபோது எல்லோரும் அவர் குரலைப் பற்றி எழுதினார்கள். அவரை நம்பி ஒரு பெண் தன் முதல் படத்தின் இசையை ஒப்படைத்தார் என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

படத்துக்குள்ளும் இதே கஞ்சத்தனம்தான் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஹீரோவுக்கு நாலு நண்பர்கள், அவர்களுக்குப் பாட்டு, சண்டை, கண்ணீர், எல்லாம் உண்டு. ஹீரோயினுக்குத் தோழி என்றால் லெட்டர் கொடுக்கவும், ஹீரோ வருகிறான் என்று சொல்லவும் ஒருத்தி. பாடல் வெளியீட்டு விழாவில் இரண்டு நடிகைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால், யாருக்கு அதிகக் காட்சி, செட்டில் உங்களுக்குள் சண்டையாமே என்று கேட்கிறார்கள். சினிமா ஆசையில் ஊரைவிட்டு வந்து பத்து வருஷம் வாய்ப்புத் தேடும் ஆணைப் பேட்டியில் கொண்டாடுகிறோம். அதே ஆசையோடு வரும் பெண்ணிடம் கல்யாணம் எப்போது என்று கேட்கிறோம். எழுதும் அறையிலும் ஸ்பாட்டிலும் ஒருத்தியாகவே எங்களை வைத்திருந்தால், திரையில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்வதை யார் எழுதுவார்கள்?

மும்பையில் ஒரு சங்கம் பெண்களுக்கு மேக்கப் கலைஞர் அட்டையே தராமல், சிகை அலங்காரம் மட்டும் செய்யலாம் என்று பல்லாண்டுக் காலம் வைத்திருந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அது எழுதி வைத்த விதி, வழக்குப் போட முடிந்தது. எங்களைத் தடுப்பது எழுதாத விதி. அதை எந்த நீதிமன்றத்துக்கு எடுத்துக்கொண்டு போவது? உங்களிடம்தான் வர வேண்டியிருக்கிறது.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். உங்களில் பலர் எங்களுக்கு வேலை கொடுத்தவர்கள், கற்றுக்கொடுத்தவர்கள், அந்த மரியாதை எனக்கு உண்டு. அதனால் பணிவோடு கேட்கிறேன். உங்கள் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்: எந்தத் துறையிலும், ஏற்கெனவே ஒரு பெண் இருக்கிறாள் என்ற காரணத்தைச் சொல்லி இன்னொரு பெண்ணை மறுக்கக் கூடாது என்று. அவுட்டோர் பட்ஜெட்டில் கேரவனுக்கு எழுதும் இடத்துக்குக் கீழேயே, பெண் பணியாளர்களுக்குக் கழிப்பறை வண்டி என்று ஒரு வரி சேருங்கள். புகார்க் குழுவில் யார் யார் என்று முதல் நாள் படப்பிடிப்பிலேயே எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டுங்கள். இந்த மூன்றில் முதலாவதைச் செய்தாலே மற்ற இரண்டையும் கேட்டு வாங்க அங்கே ஆட்கள் இருப்பார்கள்.

தீர்மானத்துக்கு நாளாகும் என்றால், அதுவரை உங்கள் மேனேஜர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஆள் எடுக்கும்போது வேலை தெரியுமா என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
ஓர் உதவி இயக்குநர்,
சென்னை