72 மணி நேரம்

அன்பு மகளுக்கு,

ஒன்பது பேர் உள்ள கணக்குப் பிரிவை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், பழைய மென்பொருளை விட்டு இ-இன்வாய்ஸுக்கு மாறும் வேலையும் கூடவே வந்துவிட்டது என்றாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன்.

வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் ஏற்றிய இன்வாய்ஸை வாரியம் சரிபார்த்து அடையாள எண் கொடுத்துவிட்டால், அதை ரத்துச் செய்ய 72 மணி நேரம்தான். பிறகு தொகையைக் கழித்துக் காட்டும் கிரெடிட் நோட், புது இன்வாய்ஸ், வாடிக்கையாளருக்கு விளக்கம் என்று வேலை வளர்ந்துகொண்டே போகும். வெள்ளி மாலை 5 மணிக்கு நடந்த தவறைத் திங்கள் காலை 9 மணிக்கு ஒருவர் சொன்னால் 64 மணி நேரம் போயிருக்கும். மிச்சம் எட்டே மணி நேரம். அதனால் உன் ஆட்கள் பயமில்லாமல் உன்னிடம் வர வேண்டும் அம்மா. முதல் தவறு வரும்போது "யார் செய்தது?" என்று கேட்டுவிடாதே. "எந்த இன்வாய்ஸ், எத்தனை மணிக்குப் போனது?" என்று கேள். நீ எதைக் கேட்கிறாய் என்று மற்ற எட்டுப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

முரண்டு பிடிக்கிறார் என்று நீ சொன்ன அந்த மூத்த அக்காவைப் பற்றி. பழைய முறையில் எல்லோரும் அவரிடம்தான் சந்தேகம் கேட்டார்கள். புது முறையில் போன மாதம் சேர்ந்த பையனும் அவரும் ஒன்று. அந்த வலி உனக்குப் புரிய வேண்டும். வாடிக்கையாளர் பட்டியலைச் சரிசெய்யும் வேலையை அவரிடம் கொடு: பெயர், வரி எண், பதிவு எண், முகவரி. எண்ணில் பிழை இருந்தால் இன்வாய்ஸ் திரும்பி வந்துவிடும். எந்தக் கம்பெனி பெயர் மாறியது, எந்தக் கம்பெனிக்கு மூன்று கிளை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பயிற்சிக்கு முன்பே இதை முடித்துவிடு. பலர் பயிற்சியை முதலில் வைத்துவிடுகிறார்கள்; அன்று தப்பான எண்களால் எல்லாமே திரும்பி வர, மென்பொருளே மோசம் என்று ஆட்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எண்ணத்தை மாற்றுவது பெரும்பாடு.

முறை மாறும் செய்தியை ஒன்பது பேருக்கும் ஒரே நேரத்தில் சொல். பாதிப் பேருக்கு டீ குடிக்கும் மாமாக் கடையில் தெரியவந்தால் அடுத்து நீ சொல்வதை நம்ப மாட்டார்கள். எது மாறுகிறது, எது மாறாது, எது இன்னும் முடிவாகவில்லை, அடுத்த தகவல் என்றைக்கு என்று நான்கையும் சொல். யாருக்கும் வேலை போகாது என்று முதலாளி எழுத்தில் தராதவரை நீ வாக்குக் கொடுக்காதே. மலாயிலும் ஒருமுறை விளக்கிவிடு. ஆங்கிலக் கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் அப்போது கேள்வி கேட்பார்கள்.

மாறும் நாளையும் பார்த்துக் குறி. முதல் வாரம் மாதக் கணக்கு முடிக்கும் நேரம், 15-ஆம் தேதிக்குள் ஊழியர்களின் சேமநிதி (இபிஎஃப்), சமூகப் பாதுகாப்புச் சந்தா (சொக்சோ) கட்ட வேண்டும். விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாதக் கடைசியில் போகும். ஆக, எஸ்எஸ்டி இல்லாத ஒரு மாதத்தில் 16-ஆம் தேதிக்குப் பிறகு தொடங்கு. ஒரு மாதக் கணக்கு முடிப்பைப் பழையது, புதியது என இரண்டு முறையிலும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். அது இரட்டை வேலை. அந்த மாதம் எந்த வாராந்தர அறிக்கைகளை நிறுத்தலாம் என்று முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடு. இதைக் கேட்கத் தயங்கினால் உன் ஆட்கள்தான் இரவு ஒன்பது மணி வரை உட்கார வேண்டியிருக்கும்.

நாள் குறித்ததும் எனக்கு அனுப்பு. பெருநாள், பள்ளி விடுமுறை எதோடும் மோதுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா
பட்டர்வொர்த், பினாங்கு