நாற்பது கேட்டோம், நூற்றிருபது வந்தது

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்

பொருள்: ஒரே ஆர்டர் மூன்று முறை அனுப்பப்பட்டது குறித்த புகார்

ஐயா,

எங்கள் கொள்முதல் மென்பொருளிலிருந்து சப்ளையரின் மென்பொருளுக்கு ஆர்டர்களைக் கொண்டுசேர்ப்பது உங்கள் சேவை. சென்ற மாதம் 40 மோட்டார்களுக்கு ஓர் ஆர்டர் போட்டோம். வந்து இறங்கியவை 120.

நடந்ததை நாங்களே சப்ளையரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். முதல் தடவையே ஆர்டர் அவர்களிடம் பதிவாகிவிட்டது. செய்தி கிடைத்தது என்று அவர்கள் சிஸ்டம் அனுப்பிய ரசீதுதான் திரும்பும் வழியில் தொலைந்தது. பதில் வராததை உங்கள் மென்பொருள் தோல்வி என்றே முடிவுகட்டி, மேலும் இரண்டு முறை அனுப்பியது. திரும்ப அனுப்பியதைக் குறை சொல்லவில்லை, நெட்வொர்க் என்றால் அதெல்லாம் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி எண்! போதாததற்கு, அந்த எண்ணை எங்கள் ஆர்டர் எண்ணின் வாலிலும் ஒட்டி அனுப்புகிறீர்கள். சப்ளையர் கண்ணுக்கு அவை மூன்று தனித்தனி ஆர்டர்கள். பழைய எண்ணிலேயே போயிருந்தால், "இது ஏற்கெனவே வந்தது" என்று அவர்கள் சிஸ்டமே கண்டுபிடித்திருக்கும்.

இன்னொன்று. ரசீது கிடைத்ததுமே உங்கள் திரையில் "உறுதியானது" என்று பச்சை விளக்கு எரிகிறது. நிறுவனங்கள் இணையம் வழியே ஆவணங்களைப் பாதுகாப்பாகப் பரிமாறிக்கொள்ள நீங்கள் பயன்படுத்தும் ஏஎஸ்2 நெறிமுறையில் (2005-இல் வந்த ஆர்எஃப்சி 4130 என்ற இணைய ஆவணம் அதை விவரிக்கிறது) கையொப்பமிட்ட ரசீது, செய்தி சிதையாமல் போய்ச் சேர்ந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. சரக்கு இருக்கிறதா, விலைக்குச் சம்மதமா என்பதெல்லாம் பிறகு தனியாக வரும் ஆர்டர் பதிலில்தான் தெரியும். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவர், உள்ளே இருப்பதற்கு ஒப்புக்கொண்டதாக யாராவது சொல்வார்களா?

உங்கள் உதவி மையத்தின் பதிலைப் படித்தபோதுதான் உண்மையில் கோபம் வந்தது: "கூடுதல் டிரான்சாக்ஷன்கள் ரோல்பேக் செய்யப்பட்டன." ரோல்பேக் என்றால் நடந்ததை நடக்காததுபோல் பழைய நிலைக்குத் திருப்புவது. எதை ரோல்பேக் செய்தீர்கள்? உங்கள் டேட்டாபேஸில் இரண்டு வரிகளை அழித்திருக்கிறீர்கள். அதற்குள் சப்ளையரின் லாரி கிளம்பிவிட்டது. இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில் பொதுவான டேட்டாபேஸ் கிடையாது. நாங்கள் முடிவு சொல்லும்வரை தன் கையிருப்பைப் பூட்டிவைக்க எந்த சப்ளையரும் சம்மதிக்க மாட்டார். ஒரு படி தவறினால், அதை ஈடுகட்ட இன்னொரு படி வேண்டும். நீண்ட நேரம் ஓடும் டிரான்சாக்ஷன்களுக்கு கணினி ஆய்வாளர்கள் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987-லேயே "சாகா" என்று முன்வைத்த வழி அதுதான். இங்கே அந்தப் படி, ஒரு ரத்து ஆர்டரும் அதற்குச் சப்ளையர் தரும் பதிலும். நீங்கள் ரத்தை அனுப்பவே இல்லை.

மூன்று அனுப்புதல்களின் முழுப் பதிவும், நேரத்துடன், ஒரு வாரத்தில் வேண்டும். பதில் வராத ஆர்டரை "நிலை தெரியவில்லை" என்று காட்டுங்கள். சப்ளையரிடம் நிலையைக் கேட்ட பிறகே, அதே எண்ணில் மறுபடி அனுப்புங்கள். 80 மோட்டார்களைத் திருப்பியனுப்பும் செலவு உங்களுடையது.

இரண்டு இன்வாய்ஸ்களுக்குப் பணம் தராமல் நிறுத்தியிருக்கிறோம். சப்ளையர் தினமும் போன் செய்கிறார். அவர்மீது தவறில்லை என்பதால் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் பதிவு கைக்கு வந்தால் அதை அவரிடம் காட்டிப் பேசுவோம். அதுவரை முக்கியமான ஆர்டர்களை மின்னஞ்சலில் அனுப்பி, போனில் உறுதி செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
கொள்முதல் மேலாளர்