ஆண்டறிக்கை: ஆற்றோரக் கடைவீடுகளும் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளும்

அன்பார்ந்த உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நம் முக்கியமான வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். சிங்கப்பூர் ஆற்றங்கரையின் வணிகக் கட்டடங்களை இந்த ஆண்டு நடந்தே பார்த்தோம்.

போட் கீயில் தொடங்கினோம். அந்தத் தென்கரை முன்பு சதுப்பு நிலம். 1822இல், நகரை நிறுவிய ராஃபிள்ஸ் உத்தரவில், இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸில் இருந்த குன்றை வெட்டி அந்த மண்ணால் மேடாக்கினார்கள். அங்கே எழுந்த கடைவீடுகளில் கீழே சரக்கு, மேலே கணக்கும் குடியிருப்பும். கப்பலில் வந்த மூட்டைகளைக் கரை சேர்த்த தொங்காங் படகுகளில், ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களே வேலை செய்தார்கள். பிறகுதான் அது சீனர் கைக்குப் போனது.

1977இல் ஆற்றுத் துப்புரவு தொடங்கியது. 1983இல் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. போட் கீ 1989இல் பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பகுதியானது. கிளார்க் கீ கிடங்குகள் 1993இல் உணவகங்களாகத் திறந்தன. சுவரும் ஓடும் தப்பியதே பெரிய காரியம் என்பது என் கருத்து.

மார்க்கெட் ஸ்திரீட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆற்று வணிகத்துக்குக் கடன் கொடுத்த செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது கடையும் தங்குமிடமுமான கூடங்கள், அங்கேதான் இருந்தன. ஒரே கூடத்தில் வரிசையாகக் கைமேசைகள். ஒவ்வொன்றும் தனிக் கடை, தனி விலாசம் (கடைப் பெயர்). பெட்டியடிப் பையன் (எடுபிடி), அடுத்தாள் (உதவியாளர்), மேலாள் (கடைப் பொறுப்பாளர்) என்று வேலை பழகி வளர்ந்தவர்கள் பகலில் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் படுத்தார்கள். 1970களின் பிற்பகுதியில் அவை இடிபட்டன. இன்று அங்கே நிற்பவை அலுவலகக் கோபுரங்கள். ஆற்றோரத்தில் செட்டியாருக்குச் சிலை இருக்கிறது, சரி. ஆனால் அந்தக் கூடத்தில் வேலை பார்த்தவர்களின் நினைவு எங்கே பதிவாகியிருக்கிறது?

அதனால்தான் பெரியவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினோம். தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் தைப்பூசத்துக்கு முன் கூடியவர்கள் மனம் திறந்து பேசினார்கள். சமையல்கட்டு எங்கே, பெட்டகம் எங்கே, யார் மேசை ஜன்னலோரம் என்று ஒருவருக்கொருவர் திருத்திக்கொண்டே சொன்னதைக் கேட்க நெஞ்சு நிறைந்தது. அந்தக் கூடத்தின் வரைபடம் ஒன்று இப்படித்தான் உருவாகி வருகிறது.

வீட்டில் பழைய பேரேடு, ரசீது, புகைப்படம் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அப்புறம் பத்திரமாகத் திருப்பித் தருவோம். மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கிகளுக்கு ஒரு தகவல் பலகை வைக்கும்படி நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கு எழுத, இன்று இந்தக் கூட்டத்தின் ஒப்புதலைக் கேட்கிறேன்.

செயலாளர்