எட்டு போர்ட் சீரியல் கார்டின் டிரைவர் 2.1: பிழைச் செய்தி போய்விட்டது, பிழை போகவில்லை

அனுப்புநர்:
கணினிப் பராமரிப்பாளர்,
நெல் அரைவை ஆலை, திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: லினக்ஸ் டிரைவர் 2.1-இல் மாட்யூல் சார்பு மறைக்கப்பட்டிருப்பது குறித்த புகார்.

ஐயா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய எட்டு போர்ட் சீரியல் கார்டு எங்கள் எடை மேடைக் கணினியில் இருக்கிறது. மேடையின் எடை அதன் போர்ட் வழியாகத்தான் கணினிக்கு வருகிறது. கார்டில் ஒரு குறையும் இல்லை. புகார் எல்லாம் அதோடு நீங்கள் தரும் லினக்ஸ் டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளைப் பற்றித்தான். 2.1 வந்த பிறகு உங்கள் உதவிப் பிரிவுக்கு இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் "ரீபூட் செய்து பாருங்கள்" என்றுதான் பதில். வேடிக்கை என்னவென்றால், சில நாள் அது பலிக்கவும் செய்கிறது. ஏன் பலிக்கிறது என்று உங்கள் ஆட்கள் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் பார்த்தேன்.

உங்கள் டிரைவரில் இரண்டு மாட்யூல்கள், அதாவது லினக்ஸின் மையமான கெர்னலில் தனித்தனியே ஏற்றும் நிரல் துண்டுகள். கார்டோடு பேசுவது கோர் மாட்யூல். போர்ட்டுகளை உருவாக்குவது போர்ட் மாட்யூல். போர்ட் மாட்யூலுக்குக் கோரில் உள்ள ஆறு பங்ஷன்கள் (அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதிகள்) தேவை. 2.0-இல் அவற்றை நேரடியாகவே அழைத்திருந்தீர்கள். கோர் ஏறாமல் போர்ட்டை ஏற்றப் போனால், 'தெரியாத சிம்பல்' என்று கெர்னல் மறுத்துவிடும். சிம்பல் என்பது இங்கே பங்ஷனின் பெயர். அப்போது உங்கள் நிறுவல் ஸ்கிரிப்ட் இரண்டையும் இன்ஸ்மாட் கட்டளையை வைத்து ஏற்றியது, அதுவும் போர்ட்டை முதலில். இன்ஸ்மாட் கொடுத்த கோப்பை மட்டும்தான் ஏற்றும். அதற்கு வேறு என்ன வேண்டும் என்று தேடாது. தேடுவது மோட்புரோப் என்ற கட்டளையின் வேலை. அது பார்க்கும் பட்டியல் மாட்யூல்ஸ்.டெப். எந்த மாட்யூல் எந்தச் சிம்பலைத் தருகிறது, யாருக்கு அது தேவை என்று பொருத்திப் பார்த்து அந்தப் பட்டியலை எழுதுவது டெப்மாட் கட்டளை. உங்கள் ஸ்கிரிப்டில் டெப்மாட்டே இல்லை.

நான் கையால் டெப்மாட் ஓட்டினேன். போர்ட்டின் பெயருக்குப் பக்கத்தில் கோரின் பெயரோடு ஒரு வரி வந்தது. அதன் பிறகு போர்ட்டை மட்டும் மோட்புரோப் செய்தால் கோரும் கூடவே ஏறியது. டெப்மாட்டைச் சேர்த்து, இன்ஸ்மாட்டுக்குப் பதில் மோட்புரோப் போட்டால் முடிந்தது என்று உங்களுக்கு எழுதினேன். அதற்குப் பதிலாக 2.1 வந்தது, "பிழை சரிசெய்யப்பட்டது" என்ற குறிப்போடு. பழைய பதிப்புக்கு இனி உதவி கிடையாது என்றும் சொன்னதால் அதை நிறுவினேன்.

டெப்மாட்டைச் சேர்த்துவிட்டீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அதே பதிப்பில் அந்த ஆறு பங்ஷன்களையும் சிம்பல்_கெட் என்ற கெர்னல் வசதி வழியாக, ஓடும்போது பெயரைச் சொல்லித் தேடி எடுக்கும்படி மாற்றிவிட்டீர்கள். இப்போது போர்ட் மாட்யூலை மோட்இன்ஃபோவில் (மாட்யூலின் விவரம் காட்டும் கட்டளை) பார்த்தால், எதைச் சார்ந்தது என்ற வரி காலியாக இருக்கிறது. டெப்மாட்டைக் கூப்பிட்ட கையோடு, அது கண்டுபிடிக்க வேண்டியதை ஒளித்து வைத்தாயிற்று. கோர் ஏறாமல் இருந்தால் தேடல் வெறுங்கையோடு திரும்புகிறது. அதற்கு உங்கள் நிரல் என்ன செய்கிறது? எதுவும் சொல்லாமல், எல்லாம் சரி என்று சுழியைத் திருப்பி அனுப்புகிறது. மாட்யூல் ஏறிவிட்டது, டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவு) ஒரு வரி இல்லை, போர்ட்டும் இல்லை.

கணினி தொடங்கும்போது கோரை ஏற்றுவது யுடெவ் (சாதனங்களைக் கவனித்து உரிய மாட்யூலை ஏற்றும் நிரல்), கார்டின் பிசிஐ அடையாள எண்ணைப் பார்த்து. போர்ட்டை ஏற்றுவது தொடக்கத்தில் எதை ஏற்ற வேண்டும் என்று குறிக்கும் மாட்யூல்ஸ்-லோட்.டி கோப்புறையில் நீங்கள் வைத்த கோப்பு. இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கோர் முந்தினால் எட்டு போர்ட்டும் உண்டு, போர்ட் மாட்யூல் முந்தினால் ஒன்றும் இல்லை. ரீபூட் செய்வது பலிக்கிற ரகசியம் இவ்வளவுதான்.

தை மாதம் ஒரு காலை இது எங்கள் தலையில் விடிந்தது. முன்தின இரவு மின்சாரம் போய் வந்திருந்தது. ஆறரை மணிக்கு முதல் லாரி மேடையில் ஏறியது. இண்டிகேட்டரில் எடை தெரிகிறது, கணினியில் எண் வரவில்லை, ரசீதும் வரவில்லை. நான் வந்து சேரும்போது வாசலில் ஒன்பது லாரி. எடையைச் சாக்பீஸால் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். லாரி ஓட்டுநர்கள் டீக்கடைக்கும் மேடைக்கும் நடையாக நடந்துகொண்டிருந்தார்கள். ஏறிய மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் கட்டளையைப் போட்டால் இரண்டு மாட்யூலும் பட்டியலில் இருக்கின்றன! கேபிளைச் சந்தேகித்தேன், இண்டிகேட்டரைச் சந்தேகித்தேன், ஒரு மணி நேரம் போனது. பழைய 'தெரியாத சிம்பல்' வரி வந்திருந்தால் ஒரு நிமிட வேலை.

இன்னொன்றும் கவனித்தேன். போர்ட்டுகள் வேலை செய்யும் நாளில் எல்எஸ்மாட்டில் கோருக்கு நேரே பயன்பாட்டு எண்ணிக்கை ஆறு என்று இருக்கும், பக்கத்தில் யார் பெயரும் இருக்காது. கோரை நீக்கப் போனால் 'பயன்பாட்டில் உள்ளது' என்று மறுக்கும், யார் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லாது. நேரடியாக அழைத்த காலத்தில் போர்ட்டின் பெயர் அங்கேயே நிற்கும். சிம்பல்_கெட் எண்ணிக்கையை மட்டும் ஏற்றும், உறவைப் பதியாது.

அந்த வழியே தப்பு என்று நான் சொல்லவில்லை. டிவி டியூனர் டிரைவர்களில் அதற்கு நியாயம் உண்டு: கார்டுக்குக் கார்டு சிப் மாறும், தேவையில்லாத மாட்யூல்களை எல்லாம் ஏற்ற வேண்டாம். ஆனால் அங்கே சிம்பல் கிடைக்காவிட்டால் உரிய மாட்யூலை வரவழைத்துவிட்டு மறுபடி தேடுகிறார்கள். உங்கள் போர்ட்டுக்கோ கோர் இல்லாமல் ஒரு நாளும் பிழைப்பு இல்லை. நல்ல வேளையாக ஆறும் ஜிபிஎல் எக்ஸ்போர்ட், அதாவது ஜிபிஎல் உரிம மாட்யூல்களுக்கு மட்டும் என்று வெளியிடப்பட்டவை. இல்லையென்றால் கெர்னல் 6.6 முதல் இந்த வழியில் எடுக்கவே முடியாது.

இப்போதைக்கு மோட்புரோப்பின் அமைப்புக் கோப்புறையான மோட்புரோப்.டி-யில் ஒரு சாஃப்ட்டெப் வரி (இதற்கு முன் அதை ஏற்று என்னும் குறிப்பு) எழுதி, போர்ட்டுக்கு முன்னால் கோர் ஏறும்படி செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு போர்ட்டுகள் ஒரு நாளும் தவறவில்லை. ஆனால் அது நான் எழுத வேண்டிய வரி இல்லை.

நான் கேட்பது: ஆறு அழைப்புகளையும் பழையபடி நேரடி அழைப்பாக்குங்கள். முடியாதென்றால் மூல நிரலிலேயே சாஃப்ட்டெப்பை எழுதுங்கள், கோர் இல்லாவிட்டால் ஏற மறுத்து ஒரு பிழை வரியாவது போடுங்கள். அப்புறம், ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் நிறுவல் ஸ்கிரிப்டை நான் கையால் ஓட்ட வேண்டியிருக்கிறது. டிரைவரை டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போது மாட்யூலைத் தானே மறுபடி உருவாக்கும் ஏற்பாடு) தொகுப்பாகத் தந்தால் அது தானே நடக்கும்.

15 நாட்களுக்குள் திருத்திய பதிப்போ, எப்போது வரும் என்ற எழுத்துப்பூர்வமான பதிலோ வேண்டும். இல்லையென்றால் கார்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைத் தந்துவிடுங்கள். பில் நகல், இரு பதிப்புகளின் மோட்இன்ஃபோ வெளியீடு, நான் எழுதிய சாஃப்ட்டெப் வரி எல்லாம் இணைத்திருக்கிறேன். பதிலில் ரீபூட் செய்யச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர்